எக்ஸ்டெர்ம் முனையத்தில் எழுத்துருத் தேர்வின் வரலாறு

எக்ஸ்டெர்ம் என்பது யுனிக்ஸ் வகை இயக்குதளங்களில் கட்டளைகளைத் தட்டச்சிடப் பயன்படும் முனையச் சாளர நிரல் ஆகும். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எக்ஸ் சாளர முறைமையின் உருவாக்கம் தொடங்கிய 1984ஆம் ஆண்டின் கோடையில், மார்க் வாண்டிவோர்டு இதை எழுதினார். விரைவில் இது எக்ஸ் முறைமையின் பகுதியாயிற்று. 1996 முதல் தாமஸ் டிக்கி இதைப் பராமரித்து வருகிறார்.

இந்தச் சாளரத்தைத் திறக்கும் கட்டளையுடன் '-எஃப்என்' என்ற விருப்பத்தையும் எழுத்துருவின் பெயரையும் சேர்த்தால், அந்த எழுத்துருவுடனேயே சாளரம் திறக்கும். '9x15' என்ற பெயர் ஒவ்வோர் எழுத்துக்கும் 9 படப்புள்ளி அகலமும் 15 படப்புள்ளி உயரமும் கொண்ட கட்டத்தைக் குறிக்கும். இது சுருக்கப் பெயரே. எக்ஸ் எழுத்துருவின் முழுப்பெயரில், சிறுகோடுகளால் பிரிக்கப்பட்ட 14 புலங்கள் உண்டு. உருவாக்கியவர், குடும்பம், தடிமன், சாய்வு, அளவு முதலியவற்றை அவை தெரிவிக்கும்.

கடைசி இரு புலங்கள் எழுத்துக் குறியாக்கத்தைக் குறித்தன. ஆகவே எழுத்துருவைத் தேர்வது அழகு பற்றியது மட்டுமன்று. எந்த மொழியைப் படிக்க முடியும் என்பதையும் அதுவே தீர்மானித்தது. கே.ஓ.ஐ.8-ஆர் குறியாக்கத்தில் எழுதிய ரஷ்ய உரையை மேற்கு ஐரோப்பிய எழுத்துருவில் திறந்தால், பொருளற்ற இலத்தீன் எழுத்துகளே தெரிந்தன. எழுத்துருவை மாற்றியதும் அதே உரை படிக்கத்தக்கதாயிற்று.

ஒருங்குறி பரவியபோது, எக்ஸ் முறைமையின் 'ஃபிக்ஸ்டு' எழுத்துருக்களை மார்க்கஸ் கூன் அதற்கேற்ப விரிவாக்கினார். கீத் பேக்கர்டு உருவாக்கிய எக்ஸ்எஃப்டி, ஃபான்ட்கான்ஃபிக் நிரலகங்கள் வந்தபின் 14 புலங்களை எழுதும் தேவை குறைந்தது. '-எஃப்ஏ' என்பதுடன் எழுத்துருக் குடும்பத்தின் பெயரையும் '-எஃப்எஸ்' என்பதுடன் அளவையும் கொடுத்தாலே போதும்.

எனினும் சம அகலக் கட்டங்கள் என்ற அடிப்படை மாறவில்லை. இலத்தீன், சிரில்லிக் எழுத்துகள் கட்டத்திற்கு ஒன்றாக அமைந்துவிடும். தமிழின் நிலை வேறு. 'கெ' என்பதில் ககரத்தின் பின் சேமிக்கப்படும் ஒற்றைக்கொம்பு, திரையில் அதன் முன்னே வர வேண்டும். 'கொ' என்பதில் உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இவ்வாறு இடம் மாற்றி இணைக்கும் பணியை எக்ஸ்டெர்ம் செய்வதில்லை. எனவே ரஷ்ய உரைக்கு எழுத்துரு மாற்றம் தந்த தீர்வு தமிழுக்குப் போதாது. நல்ல தமிழ் எழுத்துருவைக் கட்டளையில் குறிப்பிட்டாலும் சொற்கள் சிதைந்தே தோன்றும். இக்குறையைத் தீர்க்க மாற்றப்பட வேண்டியது எழுத்துரு அன்று, எழுத்துகளை வரையும் முறையே ஆகும்.