சட்டம் மாட்டிய கடை

மும்பைக்கு வரும் உறவினர்களைக் கூட்டிக்கொண்டு காலா கோடா போகாத தமிழ்க் குடும்பம் உண்டா? மியூசியம் பார்த்துவிட்டு, அப்படியே பக்கத்தில் ஜஹாங்கீர் ஆர்ட் கேலரி. அனுமதி இலவசம் வேறு!

அந்தக் கேலரி திறந்தது 1952-ல். அதற்கு முன்னால் இந்த ஊர் ஓவியர்கள் படங்களை எங்கே மாட்டினார்கள்? வங்கிக்காரன் புத்தி போகுமா, எனக்கு அடுத்துத் தோன்றியது: வாடகை யார் கொடுத்தார்கள்?

தேடிப் படித்ததில் கிடைத்த பதில், நண்பர்கள்.

1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது, யூத மனைவியோடு பம்பாய் வந்து சேர்ந்தவர் வால்டர் லாங்ஹாமர். டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் ஆர்ட் டைரக்டர் வேலை. நேப்பியன் சீ ரோடில் இருந்த அவருடைய ஸ்டூடியோவில் ஞாயிற்றுக்கிழமைகளில் இளம் ஓவியர்கள் கூடுவார்கள். வரைந்ததைக் காட்டுவார்கள், விவாதிப்பார்கள். வந்தவர்களில் ரஸா, ஆரா எல்லாம் உண்டு. ஆரா, கார் துடைத்துப் பிழைத்தவர். அதே காலத்து ஹுசைன், சினிமா பேனர் வரைந்தவர். இவர்களுக்கு எந்த வங்கியும் கடன் கொடுத்திருக்காது. நானும்தான் :-)

இன்னொருவர் கேகூ காந்தி. பார்சி இளைஞர். 1941-ல் 'கெமூல்ட்' என்ற பெயரில் படச்சட்டம் செய்யும் தொழில் ஆரம்பித்தார். வெறும் சட்டத்தை மாட்டி வைத்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? பிரின்சஸ் தெரு கடையில், ஓவிய நண்பர்களின் படங்களைச் சட்டம் போட்டு மாட்டினார். சட்டத்துக்கு விளம்பரம், படத்துக்குச் சுவர். இரண்டு பக்கமும் லாபம்!

1947-ல் சூசா, ரஸா, ஹுசைன், ஆரா, காடே, பாக்ரே ஆறு பேரும் 'முற்போக்கு ஓவியர் குழு' அமைத்தார்கள். 1949-ல் ராம்பார்ட் ரோவில் கண்காட்சி. முல்க் ராஜ் ஆனந்த் திறந்து வைத்தார். அதே வருடம் சூசா லண்டன் போனார், 1950-ல் ரஸா பாரிஸ் போனார். கேகூவும் மனைவி கோர்ஷெத்தும் இங்கேயே இருந்து, 1963-ல் ஜஹாங்கீரின் முதல் மாடியில் 'கேலரி கெமூல்ட்' திறந்தார்கள். சட்டக் கடைச் சுவர் கேலரியாக 22 வருடம் ஆகியிருக்கிறது.

ஹுசைன் 1954-ல் வரைந்த 'கிராம் யாத்ரா' 2025-ல் நியூயார்க் ஏலத்தில் நூறு கோடி ரூபாய்க்கு மேல் போனது. எல்லாரும் இந்தக் கணக்கைத்தான் பேசுகிறார்கள். கடைச் சுவரைக் கொடுத்தவர் கணக்கு எந்த லெட்ஜரிலும் இல்லை.

இதையெல்லாம் தேடிப் படிக்கக் காரணம், எங்கள் மராத்தி நண்பர் ஒருவர். இடித்துவிட்ட பழைய சால்களை நினைவிலிருந்து வரைகிறவர். ஜஹாங்கீரில் இடம் கிடைக்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவருக்கோ வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆகவே செம்பூரில் ஒரு சின்ன ஸ்டூடியோவை மூன்று நாள் எடுத்து, நானும் மனைவியும் பொறுப்பேற்றோம். பதினெட்டு படங்கள். கல்லாவில் நான், ஃபில்டர் காபிக்கு அவள். விற்றது மூன்று. வாடகையும் கட்டவில்லை.

கடைசி நாள் ஒரு பெரியவர் வந்தார். ஒரு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு இரண்டாவது மாடி ஜன்னல் ஒன்றில் விரலை வைத்து, "இது எங்கள் வீடு" என்றார். கட்டடம் இப்போது இல்லை. அந்த ஜன்னல் மிச்சம் இருப்பது இந்தப் படத்தில் மட்டும்தான்.

பிழைக்க வந்த ஊர் நமக்குச் சோறு போடுகிறது. அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு ஒரு சுவர் கொடுக்க நம்மால் முடியாதா? உங்கள் வீட்டு ஹாலில் சுவர் காலியாக இருக்கிறதா, சொல்லுங்கள்!