சோலோவா, கிரில்லா, கன்வெக்ஷனா?

மைக்ரோவேவ் அடுப்பு வாங்கக் கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது மூன்று பெயர்கள்: சோலோ, கிரில், கன்வெக்ஷன். சோலோவில் நுண்ணலை மட்டும்தான், சூடுபடுத்தலாம், வேகவைக்கலாம். கிரில் வகையில் கூடவே ஒரு சூடேறும் கம்பி இருக்கும். உணவின் மேற்புறத்தை வாட்டலாம். கன்வெக்ஷனில் சூடான காற்றைச் சுழற்றும் விசிறியும் உண்டு. கேக், பிஸ்கட் சுடலாம். விலையும் இதே வரிசையில் ஏறும். வீட்டில் எத்தனை பேர், என்னவெல்லாம் சமைப்பீர்கள் என்று விற்பனையாளர் கேட்பார். யார் சமைப்பார்கள் என்று கேட்க மாட்டார். அது அவருக்குக் கேள்வியே இல்லை.

இந்த மூன்று வகைகளும் வெறும் விற்பனைத் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. சமையலை அறியாத ஆண்கள் செய்த ஒரு பெட்டிக்கும் சமையலை அறிந்த பெண்களுக்கும் இடையே பல பத்தாண்டுகள் நடந்த வழக்கின் தடங்கள் அவை.

பெட்டி போரில் பிறந்தது. 1940இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டலும் ஹாரி பூட்டும் உருவாக்கிய மேக்னட்ரான் என்ற குழல்தான் அதன் இதயம். எதிரி விமானங்களைக் கண்டுபிடிக்கும் ரேடாருக்காகச் செய்யப்பட்டது அது. அதே ஆண்டு அது அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது; மாசசூசெட்ஸில் இருந்த ரேதியான் நிறுவனம் அதைப் பெருமளவில் தயாரித்தது. ஆண்கள் போர்முனைக்குப் போயிருந்த அந்த ஆண்டுகளில் இத்தகைய குழல்களைப் பொருத்தும் வேலையில் பெண்கள் ஏராளமாக இருந்தார்கள். அங்கே பொறியாளராக இருந்த பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையில் ஒரு நாள் மிட்டாய் உருகியது என்பதும், பிறகு அவர் சோளத்தைப் பொரித்துப் பார்த்தார் என்பதும் பல நூல்களில் வரும் கதை. 1945 அக்டோபரில் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1950இல் கிடைத்தது. குழல்களைப் பொருத்திய பெண்களுக்கு அந்தக் கதையில் இடமில்லை.

1947இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பின் பெயர் ரேடாரேஞ்ச். ஏறத்தாழ ஆறடி உயரம், 340 கிலோ எடை. குழலைக் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் இணைப்பு வேண்டும். உணவகங்களும் கப்பல்களும்தான் அதை வாங்க முடிந்தது. அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லப்படும் இன்னொரு கதையை நான் மிட்டாய்க் கதையைவிட முக்கியமாகக் கருதுகிறேன். ரேதியான் தலைவர் தம் வீட்டுச் சமையலறையில் ஒரு ரேடாரேஞ்சை நிறுவினாராம். இறைச்சி சிவக்கவில்லை, உருளைக்கிழங்கு வெளுத்துத் தொய்ந்து கிடந்தது. சமையல் செய்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். வேடிக்கைக் கதையாகவே இதைச் சொல்வார்கள். ஆனால் அந்த இயந்திரத்தைப் பற்றி வந்த முதல் தொழில்நுட்ப அறிக்கை அந்த விலகல்தான் என்பேன்.

காரணம் எளியது. நுண்ணலை உணவிலுள்ள நீரைத்தான் முதன்மையாகச் சூடாக்குகிறது. நீர் இருக்கும்வரை உணவின் சூடு 100 டிகிரியைத் தாண்டுவது கடினம். பெட்டிக்குள் இருக்கும் காற்றும் சூடாவதில்லை. ஆனால் வெங்காயம் பொன்னிறமாவதற்கும், ரொட்டியின் மேற்புறம் சிவப்பதற்கும், தோசை முறுகுவதற்கும் 140 டிகிரியாவது வேண்டும். அடுப்படியில் நின்ற எவருக்கும் எண் தெரியாவிட்டாலும் இது தெரியும். வேகவைப்பது வேறு, வதக்குவது வேறு, வாட்டுவது வேறு என்று தமிழில் தனித்தனிச் சொற்களே இருக்கின்றன. பொறியாளருக்கோ எல்லாம் ‘வெப்பம்’ என்ற ஒரே சொல்தான். கிரில் கம்பியும் கன்வெக்ஷன் விசிறியும் பின்னால் வந்து சேர்ந்ததன் காரணம் இதுதான். சமையல் செய்தவரின் ஆட்சேபத்துக்கு நிறுவனங்கள் தவணை முறையில் அளித்த பதில் அவை.

வீட்டுக்கான முதல் அடுப்பை 1955இல் டாப்பன் நிறுவனம் கொண்டுவந்தது. விலை 1,295 டாலர், அதிகம் விற்கவில்லை. ரேதியான் 1965இல் அமானா என்ற குளிர்பதனப்பெட்டி நிறுவனத்தை வாங்கியது. 1967இல் மேடைமேல் வைக்கக்கூடிய அடுப்பு 495 டாலருக்கு வந்தது. இந்தக் கட்டத்தில்தான் நிறுவனங்களுக்கு மனையியல் படித்த பெண்கள் தேவைப்பட்டார்கள். கடைகளில் சமைத்துக் காட்டியவர்கள், வாங்கியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், செய்முறைக் கையேடுகளை எழுதியவர்கள் அவர்களே.

மனையியல் என்றதும் நம்மில் பலர் உதட்டைச் சுழிப்போம். பெண்களை அடுப்படிக்குப் பயிற்றுவிக்கும் படிப்பு என்று. அதன் முன்னோடியான எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் ஒரு வேதியியலாளர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்ட முதல் பெண். 1873இல் பட்டம் பெற்றார். வேதியியல் துறையின் வாசல் பெண்களுக்கு அரைகுறையாகவே திறந்திருந்த காலத்தில், உணவு, தண்ணீர், தூய்மை என்ற வழியாக அறிவியலுக்குள் நுழையலாம் என்று கண்டவர் அவர். சமையலறைக் கதவு வழியாகச் சோதனைக்கூடத்துக்குள் போனவர்கள் என்று இந்தத் தலைமுறைப் பெண்களைச் சொல்லலாம். போன பிறகும் சமையலறைப் பெண்களாகவே நடத்தப்பட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அவர்கள் கண்டறிந்தவை இன்று எல்லாக் கையேட்டிலும் இருக்கின்றன. தடித்த துண்டுகளைத் தட்டின் ஓரத்திலும் மெல்லியவற்றை நடுவிலும் வை. பாதியில் கிளறிவிடு. மூடிவை. அடுப்பு நின்ற பிறகும் இரண்டு நிமிடம் விடு, உள்சூடு பரவட்டும். அலைகள் பெட்டிக்குள் மோதித் திரும்புவதால் சில இடம் கொதிக்கும், சில இடம் ஆறியே இருக்கும்; அந்தக் குறையைக் கைப்பக்குவத்தால் ஈடுகட்டினார்கள். ஜப்பானில் ஷார்ப் நிறுவனம் 1966இல் சுழலும் தட்டைக் கொண்டுவந்தபோது, கை செய்துகொண்டிருந்ததில் ஒரு பகுதியை இயந்திரம் எடுத்துக்கொண்டது. அங்கே சமையல் முடிந்ததும் ஒலிக்கும் மணியோசையிலிருந்து ‘சின்’ செய்வது என்று ஒரு வினைச்சொல்லே பேச்சு வழக்கில் பிறந்துவிட்டது.

கதிர்வீச்சு பற்றிய பயத்தையும் இங்கே சொல்லிவிடலாம், இன்றும் கேட்கப்படுவதால். அமெரிக்காவில் 1971இல் கசிவுக்கு வரம்பு வந்தது. கதவு சரியாக மூடும் வரை, எந்த வகையானாலும், பயப்பட ஒன்றுமில்லை. கதவு வளைந்திருந்தாலோ கொக்கி உடைந்திருந்தாலோ பயன்படுத்தக் கூடாது.

இந்த அடுப்பைப் பற்றிப் பெண்ணியப் பார்வையில் எழுதப்பட்ட முக்கியமான ஆய்வு, சிந்தியா காக்பர்னும் சூசன் ஆர்ம்ராடும் பிரிட்டனில் செய்து 1993இல் நூலாக வெளியிட்டது. ஒரே பொருளை அவர்கள் வடிவமைப்பு மேசையிலிருந்து தொழிற்சாலை, கடை, வீடு வரை பின்தொடர்ந்தார்கள். வடிவமைத்த பொறியாளர்கள் ஆண்கள். அதில் சமைத்துச் சோதித்த மனையியலாளர்கள் பெண்கள். வாட் கணக்கு தொழில்நுட்பம் என்று மதிக்கப்பட்டது. கேக் நடுவில் ஏன் வேகவில்லை என்ற கேள்வி ‘சமையல்’ என்று கீழே வைக்கப்பட்டது. உண்மையில் இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் முதல் கணக்கால் பயனே இல்லை.

கடையில் நடந்தது இன்னும் சுவையானது. பிரிட்டனில் தொலைக்காட்சி, ஒலிப்பெட்டி போன்றவற்றுக்குப் ‘பழுப்புப் பொருட்கள்’ என்றும், துணி துவைக்கும் இயந்திரம், ஃபிரிட்ஜ் போன்றவற்றுக்கு ‘வெள்ளைப் பொருட்கள்’ என்றும் பெயர். முன்னது பொழுதுபோக்கு; ஆண்களைக் கவரும் பொத்தான்கள் நிறைந்தது. பின்னது வேலை, பெண்களுக்கானது. மைக்ரோவேவ் முதலில் நவீன விந்தையாகப் பழுப்புப் பொருட்களின் பக்கம் நின்றது. விலை இறங்கி, எல்லா வீட்டுக்கும் வந்து, அது சமையல் சாதனம்தான் என்று உறுதியானதும் வெள்ளைப் பக்கம் நகர்ந்தது. பெண்ணின் கைக்கு வந்ததும் பொருளின் மதிப்பு இறங்கியதா, மதிப்பு இறங்கியதால் பெண்ணின் கைக்கு வந்ததா? இரண்டும் சேர்ந்தே நடந்தன என்று தோன்றுகிறது.

சரி, வேலை குறைந்ததா? ஜோஆன் வானெக் 1974இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெளிவேலைக்குப் போகாத அமெரிக்க இல்லத்தரசிகள் 1920களில் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம் வீட்டுவேலை செய்தார்கள்; கருவிகள் நிறைந்த 1960களில் 55 மணி நேரம். வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலில் இதற்குக் காரணம் சொன்னார். விறகு பிளப்பது, தானியம் அரைக்கக் கொண்டுபோவது என்று ஆண்களும் குழந்தைகளும் செய்த பங்கைத்தான் புதிய சாதனங்கள் முதலில் நீக்கின. சமைப்பதும் கழுவுவதும் பெண்ணிடமே தங்கின. தரத்தின் எதிர்பார்ப்பும் கூடியது.

இந்தியாவில் 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஒரு நாளில் ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் 81 சதவீதம். ஆண்கள் 26 சதவீதம். ஈடுபட்டவர்களில் பெண்கள் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் செலவிட்டார்கள். இந்த எண்களை வைத்துக்கொண்டுதான் கடையில் நிற்க வேண்டும்.

நம் ஊரில் விளம்பரங்கள் கன்வெக்ஷன் வகையைத்தான் கனவாகக் காட்டுகின்றன. தானியங்கி மெனுக்கள், டிக்கா, பீட்சா, பிறந்தநாள் கேக். கேக் சுடுவதில் ஆசையுள்ள பெண்ணுக்கு அது நல்ல கருவி, தயங்காமல் வாங்கலாம். ஆசை இல்லாதவளுக்கு அது ஒரு புதிய கடமை. பேக்கரியில் வாங்கிய கேக்கை இனி யாரும் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கிரில் இடைப்பட்டது, எப்போதாவது சீஸ் உருக்கவும் பனீர் வாட்டவும் மட்டும் என்றால் அதற்கான கூடுதல் விலை வீண்.

சோலோவைப் பலர் ‘சூடுபடுத்த மட்டும்தான்’ என்று இளக்காரமாகச் சொல்கிறார்கள். அந்த ‘மட்டும்’தான் என்னைக் கவர்கிறது. இரவு பதினொரு மணிக்கு வருபவருக்காக விழித்திருந்து குழம்பைச் சுடவைத்துப் போடும் வேலை எத்தனை வீடுகளில் இருக்கிறது! தீயில்லாத, கைப்பக்குவம் கேட்காத, பத்து வயதுக் குழந்தையும் தாத்தாவும் கற்றுக்கொள்ளக்கூடிய அடுப்பு இது. தாளிக்கவும் தோசை சுடவும் கேஸ் அடுப்பு இருக்கவே இருக்கிறது. அப்பளம் எண்ணெயில்லாமல் பொரியும். நேற்றைய இட்லி தண்ணீர் தெளித்து மூடிவைத்தால் மெத்தென்று வரும்.

மூன்று நான்கு பேர் வீட்டுக்கு 20 லிட்டர் சோலோ போதும். அது இழுக்கும் மின்சாரம் சுமார் 1,200 வாட். கன்வெக்ஷன் 2,000 வாட்டைத் தாண்டலாம். வாடகை வீட்டில் 16 ஆம்ப் பிளக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்னொன்று: கன்வெக்ஷன் முறையில் உலோகத் தட்டு வைக்கலாம், நுண்ணலை முறையில் வைக்கக் கூடாது. பலர் புழங்கும் வீட்டில் இந்த வேறுபாடு அடிக்கடி மறந்துபோகும். தொடுபொத்தான்களில் ஆங்கில எழுத்துகள் குவிந்திருக்கும். திருகும் குமிழ் உள்ளதை மாமியாரும், வேலைக்கு வரும் அக்காவும், முக்கியமாக ‘எனக்கு இதெல்லாம் தெரியாது’ என்று நழுவும் ஆண்களும் பார்த்ததும் புரிந்துகொள்வார்கள்.

வாங்கியபின் எங்கே வைப்பது என்பதும் வகையைப் போலவே முக்கியம். ஃபிரிட்ஜ் மேல் வேண்டாம். கொதிக்கும் கிண்ணத்தைத் தலைக்கு மேலிருந்து இறக்க நேரும். முடிந்தால் சமையலறைக்குள்ளேயும் வேண்டாம். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், இடுப்புயரத்தில், எல்லோர் கைக்கும் எட்டும்படி வையுங்கள். உள்ளே சாம்பார் தெறித்தால், ஒரு கிண்ணம் தண்ணீரில் எலுமிச்சைத் தோலைப் போட்டு மூன்று நிமிடம் ஓட்டி, சற்று ஆறவிட்டுத் துணியால் துடைத்தால் கறை வந்துவிடும். துணி மேசைப் பக்கமே தொங்கட்டும்.