பழைய காயம் ஆறவில்லையா? இழையப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்

என் வலது கெண்டைக்காலில் 2009இல் செல் துண்டு பட்ட தழும்பு இருக்கிறது. போன வருடம் அதன் நடுவில் ஒரு சிறு புண் வந்தது. சைக்கிள் உரசியதாக்கும் என்று மஞ்சள் பூசினேன், களிம்பு போட்டேன். பொருக்குக் கட்டும், விழும், திரும்பத் திறக்கும். இப்படியே ஐந்து மாதம். முதலில் காட்டிய இடத்தில் “பழைய காயம்தானே” என்று மருந்து கட்டி அனுப்பிவிட்டார்கள். பிறகு பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர்தான் புண்ணின் விளிம்பில் சிறு துண்டு வெட்டி இழையப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வர மூன்று கிழமை. புற்றுநோய் இல்லை. ஆனால் அவர் ஏன் பயந்தார் என்பது எங்கள் சனத்துக்குத் தெரியவேண்டும்.

எரிகாயத் தழும்பு, ஆறாத புண், எலும்பில் கிருமி தங்கிச் சீழ் வடியும் துளை ஆகியவற்றில் வருடக்கணக்கின் பின் தோற்புற்றுநோய் உருவாகலாம். இதற்கு மார்ஜொலின் புண் என்று பெயர். 1828இல் இத்தகைய புண்களை விவரித்த பிரெஞ்சு சத்திரசிகிச்சையாளரின் பெயர் அது. எல்லாத் தழும்பும் இப்படி மாறுவதில்லை. எரிகாயத் தழும்புகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு என்றே சொல்வார்கள். மாறுவதற்குச் சராசரியாக 30 வருடம் எடுக்கும். 1995 இடம்பெயர்வுக் காலத்தில் காயப்பட்டவர்களுக்கு அந்தக் கணக்கு இப்போதுதான் வருகிறது.

தழும்பில் உணர்ச்சி குறைவு என்பதால் தொடக்கத்தில் வலி தெரியாமல் போகலாம். மூன்று மாதமாகியும் ஆறாத புண், தடித்து மேலெழும்பிய விளிம்பு, பூக்கோவா போல் வளரும் சதை, தொட்டால் இரத்தம், புதிதாகத் தொடங்கிய நாற்றம், கவட்டிலோ கமக்கட்டிலோ கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டுங்கள். நேரத்துக்குக் கண்டால் சுற்றிவர வெட்டி எடுத்துத் தோல் ஒட்டுவார்கள். பிந்தினால் காலையே எடுக்கவேண்டி வரலாம்.

காயமென்று நினைத்து ஏமாறுவது தழும்புகளோடு மட்டும் நிற்பதில்லை. பாடகர் பொப் மார்லியின் கால்விரலில் இருந்ததை உதைபந்தாட்டக் காயம் என்றே முதலில் எண்ணினார்கள். அது நகத்தின் கீழ் வந்த மெலனோமா. 1981இல், 36 வயதில் இறந்துபோனார். பதின்ம வயதுப் பிள்ளைக்கு முழங்காலடியில் வீக்கமும் இரவில் கூடும் நோவும் கிழமைக்கணக்கில் நின்றால், விளையாட்டில் அடிபட்டது என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிராமல் எக்ஸ்ரே எடுங்கள். எலும்புப் புற்றுநோயும் அப்படித்தான் தொடங்கும்.

கிளினிக்கில் வைத்தியர் அவசரத்தில் இருப்பார். “இது இன்ன வருடத்துக் காயம், இத்தனை மாதமாக ஆறவில்லை, இழையப் பரிசோதனை தேவையா?” என்று நேரே கேளுங்கள். பொய்க்கால் போடுபவர்கள் அது உரசும் இடத்தைக் கண்ணாடி பிடித்துப் பாருங்கள். அங்கே வரும் புண்ணும் இதே கணக்குத்தான்.