காமன்வெல்த் நமக்கு எதற்கு?

காமன்வெல்த் என்றதும் நமக்கு விளையாட்டுப் போட்டிதான் ஞாபகம் வரும். 2014-லும் 2018-லும் பளுதூக்குதலில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் பக்கத்து வேலூர்க்காரர். நாமும் பெருமையோடு கைதட்டினோம். ஆனால், வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் விட்டுச் சென்ற சங்கத்தில் நமக்கென்ன வேலை? நியாயமான கேள்விதான்.

குடியரசாக முடிவெடுத்த இந்தியா, மன்னரை ஏற்கும் அந்த அமைப்பில் நீடிக்க முடியுமா என்ற சிக்கல் எழுந்தது. 1949 ஏப்ரல் லண்டன் மாநாட்டில் நேரு உள்ளிட்ட தலைவர்கள் ஒரு வழி கண்டார்கள். மன்னர் காமன்வெல்த்துக்கு அடையாளத் தலைவர், இந்தியாவுக்கு அல்ல. அன்று திறந்த கதவு வழியாகத்தான் ஆசிய, ஆப்பிரிக்கக் குடியரசுகள் பல பின்னால் உள்ளே வந்தன. இன்று 56 நாடுகள். பிரிட்டனின் காலனியாக இல்லாத மொசாம்பிக்கும் (1995) ருவாண்டாவும் (2009) அதில் அடக்கம்.

சரி, நம்ம ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. 1989 வரை திருவண்ணாமலை வடஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. 1903 முதல் 1916 வரை சென்னையிலிருந்து பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளில் வடஆற்காட்டார் கணிசமானவர்கள். பலர் திரும்பவே இல்லை.

அவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில், 1987-ல், இந்திய வம்சாவளியினர் ஆதரவோடு அமைந்த ஆட்சியை ராணுவம் கவிழ்த்தது. பிஜி காமன்வெல்த்தில் இடம் இழந்தது. 1997-ல் அரசியல் சட்டத்தைத் திருத்திய பிறகே திரும்பச் சேர்ந்தது. 1999-ல் மகேந்திர சௌத்ரி பிரதமரானார். மறு வருடமே அவர் ஆட்சியும் பறிபோனது. பிஜி மறுபடியும் இடைநீக்கம். இந்த அமைப்பால் கலகத்தைத் தடுக்க முடியவில்லை. ஆனால் நடந்தது தப்பு என்று சபையில் சொல்ல முடிந்தது.

எல்லா நேரமும் அப்படிச் சொன்னதா? இல்லை. ஈழப்போரின் இறுதிக்கட்டக் கொடுமைகளுக்கு விசாரணை கேட்டு உலகத் தமிழர் குரல் கொடுத்த வேளையில், 2013 மாநாடு கொழும்பில் நடந்தது. இந்தியா அடியோடு புறக்கணிக்க வேண்டும் என்று தமிழக சட்டமன்றம் தீர்மானம் போட்டது. பிரதமர் மன்மோகன் சிங் போகவில்லை. வெளியுறவு அமைச்சர் போனார். கனடா, மொரிஷியஸ் பிரதமர்களும் போகவில்லை. இருந்தும் அடுத்த இரண்டாண்டுத் தலைமை இலங்கைக்கே கிடைத்தது.

பிஜிக்கு ஒரு நீதி, இலங்கைக்கு ஒரு நீதியா? அதனால் விலகிவிடலாமா என்றால், என் பதில் 'வேண்டாம்' என்பதே. காமன்வெல்த் நாடுகளின் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். இந்தச் சபை பிரிட்டனின் வீட்டுச் சொத்து அல்ல. வெளியே வந்துவிட்டால், கடல் கடந்த நம் சனங்களுக்காக அங்கே கேட்க யார் இருக்கிறார்கள்?

இன்றைய மாணவத் தம்பி தங்கையருக்கு ஒரு வார்த்தை: 1959-ல் வகுத்த காமன்வெல்த் கல்வி உதவித்தொகைத் திட்டம் இன்றும் இருக்கிறது. கிராமத்திலிருந்து படிக்க வந்த நீங்களும் முயன்று பாருங்கள். பாட்டன் கூலியாகக் கடல் கடந்தான். பேரன் படிக்கக் கடல் கடக்கட்டும்.