தாய்லாந்து அரச விமானப்படைக் கால்பந்துக் கழகம்

தாய்லாந்து அரச விமானப்படைக் கால்பந்துக் கழகம் அந்நாட்டு விமானப்படை தானே நடத்திவந்த கால்பந்துக் கழகம். விமானப்படை தரைப்படையிலிருந்து பிரிந்து தனிப்படையான 1937 ஆம் ஆண்டிலேயே கழகமும் பிறந்தது. தேசிய லீக் பட்டத்தை 1997 இலும் 1999 இலும் வென்றது. 2019 பருவம் முடிந்ததும் போட்டிகளிலிருந்து விலகிக் கலைந்தது. பாங்காக்கின் வடக்கு எல்லையை ஒட்டி, பதும் தானி மாகாணத்தின் லாம் லுக் காவில் உள்ள தூபதேமி விளையாட்டரங்கம் இதன் சொந்த மைதானமாக இருந்தது. சின்னம் கழுகு, சீருடை நீலம். கடைசிப் பருவத்தில் 'ஏர் ஃபோர்ஸ் யுனைடெட்' என்ற பெயரில் ஆடியது.

பின்னணி

சயாமில், அதாவது அன்றைய தாய்லாந்தில், கால்பந்து அரண்மனை வழியாக வேரூன்றியது. இங்கிலாந்தில் படித்து, சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் பயிற்சி பெற்றுத் திரும்பிய மன்னர் வஜிராவுத் 1916 இல் கால்பந்துச் சங்கத்தை அமைத்தார். அந்தச் சங்கம் 1925 இல் ஃபிஃபாவில் சேர்ந்தது. நாட்டின் உச்சப் போட்டியாக 'கோர்' அரசக் கோப்பை நின்றது. அதன் கீழே படிப்படியாக மேலும் மூன்று கோப்பைகள் இருந்தன. 1996 இல் லீக் வரும்வரை, கோர் கோப்பையை வென்ற அணியே அந்த ஆண்டின் நாட்டுச் சாம்பியன்.

அந்தக் காலத்து அணிகளின் பட்டியலைப் பார்த்தால் அரசு அலுவலகங்களின் தொலைபேசிக் கையேடு போலிருக்கும்: தரைப்படை, கடற்படை, காவல்துறை, துறைமுக ஆணையம், புகையிலை நிறுவனம், தொலைபேசி நிறுவனம், மாகாண மின்வாரியம். இவற்றோடு பாங்காக் பேங்க், தாய் ஃபார்மர்ஸ் பேங்க் போன்ற வங்கிகளும் இருந்தன. ஊர்ப்பெயர் தாங்கிய அணி அரிது. கால்பந்தை மட்டும் நம்பி ஆட்டக்காரர் குடும்பம் நடத்த முடியாத காலம் அது. வங்கியில் எழுத்தர் வேலை, படையில் ஒரு பதவி, மாதச் சம்பளம், ஓய்வூதியம் ஆகியவைதான் திறமைசாலிகளைப் பிடித்து வைத்தன. பொறுப்பான தகப்பன் எவரும் மகனை விமானப்படை அணியில் சேர்க்கத் தயங்கியிருக்க மாட்டார். கால் ஓய்ந்த பிறகும் வேலை இருக்கும் அல்லவா?

கட்டாய இராணுவச் சேவையும் படை அணிகளுக்குக் கைகொடுத்தது. தாய்லாந்தில் 21 வயதை எட்டும் ஆண்கள் ஏப்ரலில் சீட்டு எடுக்கிறார்கள். சிவப்புச் சீட்டு வந்தால் படைக்குப் போக வேண்டும். கறுப்பு வந்தால் விடுதலை. சிவப்பு எடுத்த நல்ல ஆட்டக்காரருக்குப் படை அணியில் ஆடுவது அந்தச் சேவைக்காலத்தைக் கழிக்கும் நல்ல வழியாக இருந்தது.

எழுச்சி

விமானப்படையின் முதல் பொற்காலம் 1950களில் தொடங்கியது. 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் கோர் கோப்பையை வென்றது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியிலிருந்து 1960களின் முற்பகுதிவரை கோப்பை பெரும்பாலும் விமானப்படையின் அலமாரியில்தான் இருந்தது. பிறகு பாங்காக் பேங்க், ராஜ்விதி, துறைமுக ஆணையம் போன்ற அணிகள் தலையெடுத்தன.

கழகத்தின் வரலாற்றில் ஒரே ஒரு பெயரைச் சொல்ல வேண்டுமென்றால் அது பியபோங் புவே-ஓன். 1959 இல் பிரச்சுவப் கிரி கானில் பிறந்த இந்த முன்கள ஆட்டக்காரர் விமானப்படை அணியில் வளர்ந்து, 1984 இல் தென் கொரியாவின் லக்கி-கோல்ட்ஸ்டார் கழகத்துக்குப் போனார். அடுத்த ஆண்டு அந்த அணி கொரிய லீக்கை வென்றது. 12 கோல்களுடன் அதிக கோல் அடித்தவரும் பியபோங்தான், சக வீரர்களின் கோல்களுக்கு அதிகமாக வழியமைத்தவரும் அவர்தான். ஓர் ஆசிய லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர் இரண்டு பட்டியலிலும் ஒரே பருவத்தில் முதலிடம் பிடிப்பது எக்காலத்திலும் எளிதல்ல. பின்னர் மலேசியாவின் பஹாங் அணிக்கு ஆடிவிட்டு, விமானப்படைக்கே திரும்பினார். தேசிய அணிக்காக 1981 முதல் 1993 வரை தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் நான்கு தங்கங்கள் பெற்றார். வெளிநாட்டில் காசு பார்த்துவிட்டு வந்த ஒரு நட்சத்திரம் மறுபடியும் படையின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டது, படைச் சம்பளத்துக்கும் பதவிக்கும் அன்று இருந்த ஈர்ப்பைக் காட்டுகிறது. வேறெந்தத் தாய்லாந்துக் கழகத்தாலும் அன்று அவருக்கு அதைவிட நிலையான எதிர்காலம் தந்திருக்க முடியுமா என்பது சந்தேகமே.

1996 இல் தேசிய லீக் 18 அணிகளுடன் தொடங்கியது. முதல் பட்டம் பாங்காக் பேங்குக்குப் போனது. அடுத்த ஆண்டு விமானப்படை வென்றது. 1997 ஜூலை 2 அன்று பாட் நாணயம் மிதக்கவிடப்பட்டு, ஆசிய நிதி நெருக்கடி வெடித்தது. நிதி நிறுவனங்கள் வரிசையாக மூடப்பட்டன. வங்கிகள் செலவுக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது கால்பந்து அணிகள் கண்ணில் பட்டன. 1994, 1995 ஆகிய இரு ஆண்டுகளும் ஆசியக் கழகக் கோப்பையை வென்ற தாய் ஃபார்மர்ஸ் பேங்க் அணிகூட 2000 இல் கலைக்கப்பட்டது. அரசு கருவூலத்திலிருந்து சம்பளம் வாங்கிய அணிக்கு இந்த அச்சம் குறைவு. 1998 இல் சின்தானாவிடம் போன பட்டத்தை 1999 இல் விமானப்படை மீட்டது. அதன்பின் எந்தப் படைப்பிரிவின் அணியும் தாய்லாந்தின் முதல்நிலை லீக்கை வெல்லவில்லை.

சரிவு

சரிவு மைதானத்துக்கு வெளியே தொடங்கியது. 1999 இல் மாகாண அணிகளுக்கெனத் தனி லீக் ஒன்று நடத்தப்பட்டது. பாங்காக் நிறுவன அணிகளின் ஆட்டங்களில் இருக்கைகள் காலியாகக் கிடக்க, மாகாண மைதானங்களில் கூட்டம் திரண்டது. 2006 இல் சோன்புரியும் சுபன்புரியும் தேசிய லீக்கில் சேர்க்கப்பட்டன. மறு ஆண்டே சோன்புரி சாம்பியன். அதன் நீலச் சட்டையைக் கடைகளில் வாங்கி அணிந்து ஊரே மைதானத்துக்கு வந்தது. விமானப்படைக்கும் நீலச் சட்டை இருந்தது, ஆனால் அதை அணிய ஊர் இல்லை.

அடுத்த அடி ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பிடமிருந்து வந்தது. ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கில் இடம் வேண்டுமென்றால் கழகங்கள் பதிவுபெற்ற நிறுவனங்களாக இருக்க வேண்டும், தொழில்முறையில் நடத்தப்பட வேண்டும் என்று அது நிபந்தனை விதித்தது. 2009 பருவத்திலிருந்து தாய்லாந்து லீக்கே தனி நிறுவனமாகச் செயல்படத் தொடங்கியது. நிறுவன அணிகள் பல அப்போது உருமாறின. குரூங் தாய் பேங்கின் இடத்தை பாங்காக் கிளாஸ் எடுத்துக்கொண்டது. மாகாண மின்வாரிய அணியை அரசியல்வாதி நெவின் சிட்சோப் வாங்கி, வடகிழக்கே புரிராமுக்குக் கொண்டுபோனார். அதுவே பின்னாளில் புரிராம் யுனைடெட் ஆகி நாட்டின் மிகப் பெரிய கழகமாக எழுந்தது. முவாங்தோங் யுனைடெட் 2007, 2008, 2009 என்று ஆண்டுக்கொரு படியாக ஏறி, மூன்றாம் பிரிவிலிருந்து உச்சப் பட்டம்வரை போனது. இவர்கள் பிரேசில்காரர்களையும் ஆப்பிரிக்கர்களையும் விலைக்கு வாங்கினார்கள். விமானப்படையும் வெளிநாட்டாரை ஒப்பந்தத்தில் எடுக்கலாம்தான். ஆனால் அவர்களுக்குப் பதவியும் ஓய்வூதியமும் காட்டி ஆசை மூட்ட முடியாது. அரை நூற்றாண்டாகக் கழகத்தின் பெரிய பலமாக இருந்த சம்பளப் பட்டியல், புதிய சந்தையில் யாரையும் இழுக்கவில்லை.

இதற்கிடையே அணி கீழ்ப்பிரிவுகளுக்கு இறங்கியிருந்தது. வெளிப் பங்காளிகளைச் சேர்த்துக்கொண்டு 'ஏர் ஃபோர்ஸ் ஏவியா' என்றும், 'ஏர் ஃபோர்ஸ் சென்ட்ரல்' என்றும் பெயர் மாறியது. 2013 இல் இரண்டாம் பிரிவை வென்று மேலே வந்தது. ஒரே பருவத்தில் திரும்ப இறங்கியது. 2017 இல் மறுபடியும் ஏறியது. 2018 இல் 18 அணிகளில் கடைசி இடம். லீக்கை 16 அணிகளாகக் குறைப்பதற்காக அந்த ஆண்டு ஐந்து அணிகள் கீழே தள்ளப்பட்டன. அவற்றில் விமானப்படை, கடற்படை, காவல்துறையின் பங்குடன் இயங்கிய போலீஸ் டெரோ என மூன்று சீருடை அணிகள். தரைப்படையின் ஆர்மி யுனைடெட் 2016 இலேயே இறங்கிவிட்டது. மன்னர் பூமிபோலின் மறைவை ஒட்டி, மூன்று சுற்றுகள் மிச்சமிருக்கையில் முடித்துக்கொள்ளப்பட்ட பருவம் அது.

2014 மே மாத இராணுவப் புரட்சிக்குப் பிறகு 2019 வரை நாட்டை ஆண்டது தளபதிகளின் அரசு. முப்படைகளின் அணிகளும் உச்சப் பிரிவிலிருந்து வெளியேறியது இந்த ஐந்தாண்டுகளில்தான். அதிகாரம் கையிலிருந்தும் கால்பந்தில் அது பலிக்கவில்லை.

கலைப்பு

2019 இல் 'ஏர் ஃபோர்ஸ் யுனைடெட்' இரண்டாம் பிரிவில் ஆடியது. பருவம் முடிந்ததும் கழகம் விலகிக்கொண்டது. அதே முடிவை ஆர்மி யுனைடெட்டும் எடுத்தது. 1916 இலிருந்து தன் வரலாற்றை எண்ணிவந்த அந்தத் தரைப்படை அணி, 2012 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம்வரை போய்ப் புரிராமிடம் 2–1 என்று தோற்றதுதான் அண்மைக்காலத்தில் அதன் பெரிய சாதனை. ஊர்ப்பற்றில் வளர்ந்த கழகம் தடுமாறினால் ரசிகர்கள் உண்டியல் குலுக்குவார்கள், ஊர்வலம் போவார்கள், புதிய முதலாளியைத் தேடுவார்கள். படைக் கழகத்துக்கு அப்படியொரு தரப்பு கிடையாது. தொடங்கியதும் ஓர் உத்தரவு, முடித்ததும் ஓர் உத்தரவு.

கடற்படை கீழ்ப்பிரிவுகளில் தொடர்ந்து ஆடியது. காவல்துறையின் பாதை வேறு: முன்னாள் சாம்பியனான தனியார் கழகம் டெரோவுடன் கைகோத்து 'போலீஸ் டெரோ' என்று ஆடிவந்தது. விமானப்படை விலகிய அதே 2019 பருவத்தில், அந்த அணி இரண்டாம் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்கு ஏறியது.