சுண்ணமின்றி நின்ற கோயிலும் சுண்ணத்தில் வாழ்ந்த ஓவியமும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி நோக்கிச் செல்லும் வழியில், நெல்வயல்களுக்கும் ஏரிக்கரைகளுக்கும் நடுவே, சிறு குன்றொன்றின் வடமுகத்தில் குடைந்தெடுக்கப்பட்டுள்ளது மண்டகப்பட்டுக் குடைவரை. இரண்டு பெருந்தூண்கள், சுவரோடு ஒட்டிய இரண்டு அரைத்தூண்கள், உள்ளே மூன்று கருவறைகள், முகப்பின் இருபுறமும் கல்லில் உயிர்த்து நிற்கும் வாயிற்காவலர் இருவர். இவ்வளவே கோயில். ஆயினும் தமிழகக் கலைவரலாற்றை எழுதப் புகுந்தோர் எவரும் இக்குன்றைத் தொடாது கடந்ததில்லை. அங்குள்ள சிறிய வடமொழிக் கல்வெட்டே அதற்குக் காரணம். செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுண்ணம் இன்றி, அயன் அரன் அரி ஆகிய மூவர்க்கும் விசித்திரசித்தன் என்னும் வேந்தன் எடுப்பித்த 'இலட்சிதாயதனம்' இது என்று அக்கல்வெட்டு பெருமிதத்தோடு அறிவிக்கின்றது.

விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் பூண்ட பட்டங்களுள் ஒன்று. ஏறத்தாழ கி.பி. 600 முதல் 630 வரை ஆண்ட அவ்வேந்தன் பூண்ட மற்றொரு பட்டம் 'சித்திரகாரப்புலி'. ஓவியருள் புலி என்பது அதன் பொருள். இவ்விரு பட்டங்களையும் அருகருகே வைத்து எண்ணுவோர்க்கு ஒரு முரண் புலனாகும். ஓவியத்துக்கு உயிர்நிலை சுண்ணம். சுவரில் சுண்ணச்சாந்து பூசாமல் வண்ணம் நிலைக்காது. ஓவியருள் புலியெனத் தன்னை அழைத்துக்கொண்ட அதே வேந்தன், சுண்ணத்தை விலக்கியதையே தன் கோயிலின் சிறப்பாகக் கல்லில் பொறித்தான். அவன் சுண்ணமின்றிச் செய்தது ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கடந்து நிற்கின்றது. அவன் சுண்ணத்தின்மேல் தீட்டியது எதுவென்று ஐயமின்றிச் சுட்டிக்காட்ட இன்று ஒரு சாண் சுவரும் இல்லை.

புலியின் கண்

மண்டகப்பட்டின் மூன்று கருவறைகளும் இன்று வெறுமையாக உள்ளன. அவற்றில் இருந்த திருமேனிகள் சுதையாலோ மரத்தாலோ அமைந்திருக்கலாம், அல்லது பின்சுவரில் வண்ணத்தால் தீட்டப்பட்டிருக்கலாம் என்பது அறிஞர் சிலர் கருத்து. அஃது உண்மையாயின், கல்வெட்டு விலக்கிவைத்த பொருள்களே கருவறைக்குள் தெய்வமாய் வீற்றிருந்தன என்றாகும். கட்டடம் நின்றது, குடியிருந்தவர் மறைந்தனர்.

மகேந்திரனின் ஓவியம் கிட்டாவிடினும் அவனுடைய கண் எத்தகையது என்பதை அறிய ஒரு சான்று உண்டு. அவன் வடமொழியில் இயற்றிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் நகை நாடகமே அது. பேரரசன் எழுதிய நாடகமாயினும் அதில் அரண்மனை இல்லை, போர்க்களம் இல்லை. காஞ்சி மாநகரத் தெருவும் கள்ளுக்கடையும் களிமயக்கில் தள்ளாடும் காபாலிகனும் அவன் துணைவியும் காணாமற்போன கபாலமும் அதைக் கவ்விச் சென்ற நாயும் வழக்காடும் பௌத்த துறவியும் பித்தனுமே அதன் உலகம். அன்றாடத் தெருக்காட்சியை உற்றுநோக்கி மகிழ்ந்த ஒருவனாலன்றி இதனை எழுத இயலாது. சித்திரகாரப்புலி என்ற பட்டம் வெற்றுப் புகழ்ச்சியன்று என்று கொள்வதற்கு இந்நாடகமே போதிய சான்றாகும்.

துகிலிகையும் பாதிரியும்

ஓவியம் மகேந்திரன் காலத்தில் தொடங்கியதன்று. விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலைப் பாறைகளில் எழுத்தறியா முன்னோர் செங்காவியால் தீட்டிய மனித உருவங்களும் விலங்கின்மேல் அமர்ந்த உருவமும் இன்றும் காணப்படுகின்றன. சங்கப் பனுவல்களிலோ ஓவியன் தொழிற்பெயரோடும் கருவிகளோடும் நடமாடுகின்றான். மதுரைக்காஞ்சி அவனைக் 'கண்ணுள் வினைஞன்' என்று குறிக்கும். காண்போர் கண்ணுக்குள்ளேயே தன் தொழிலை நிறுத்துபவன் என்று அதற்குப் பொருள் கொள்வர். வண்ணம் ஊட்டாத கோட்டுருவத்தைப் 'புனையா ஓவியம்' என்று தனியே பெயரிட்டழைக்கும் நுட்பமும் அக்காலத்தே இருந்தது.

நற்றிணைப் பாடல் ஒன்று பாதிரிப் பூவைப் பாடுகின்றது. துய்போன்ற நுனியையுடைய அம்மலருக்கு அப்புலவர் கண்ட உவமை, ஓவியர் செவ்வரக்கில் தோய்த்தெடுத்த துகிலிகை. பூவைப் பார்த்துத் தூரிகை தீட்டுவது உலக வழக்கு. தூரிகையைப் பார்த்துப் பூவைப் புனைந்தது இத்தமிழ்ப்புலவர் வழக்கு. ஓவியன் தூரிகை தோய்க்கும் காட்சி நாளும் கண்ணிற் படும் பொதுக்காட்சியாக இல்லாவிடின் அவ்வுவமை பிறந்திராது. உவமை என்பது அறியாததை அறிந்ததைக் கொண்டு விளக்குவதன்றோ!

பூவைப் போலவே வானமும் அக்கால ஓவியர்க்கு உரிய பொருளாக இருந்தது. பரிபாடலில் நப்பண்ணனார் பாடிய திருப்பரங்குன்றத்துப் பாடல், அங்கிருந்த எழுத்துநிலை மண்டபத்தை விரிக்கும். ஞாயிறு முதலிய கோள்களின் நிலை அங்கே தீட்டப்பட்டிருந்தது. இரதியும் காமனும், அகலிகையும் பூனையாகிய இந்திரனும் வேறிடத்தே இருந்தனர். இது யாது, இவர் யாவர் என்று வந்தவர் வினவவும், அறிந்தவர் சுட்டி விடை கூறவும் மண்டபம் பேச்சொலியால் நிறைந்திருந்தது.

நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் வானமோ ஆரவாரமற்றது. வேந்தன் பாசறையில் இருக்க, அரசி பாண்டில் கட்டிலில் தனித்திருக்கின்றாள். கட்டிலின் மேற்கட்டியில் வான்மீன்கள் தீட்டப்பட்டுள்ளன. திங்களும் அதனைப் பிரியாத உரோகிணியும் அங்கே உள்ளன. அவ்விருவரையும் நோக்கி அவள் நெடுமூச்செறிகின்றாள். ஓவிய வானம் ஒருத்தியின் துயரை அளக்கும் அளவுகோலாக நின்ற இடம் இது. அம்மேற்கட்டியைத் தீட்டியவன் பெயரை நக்கீரர் கூறவில்லை. ஆயினும் அவன் செய்த தொழில் எதுவரை சென்று தொட்டது என்பதைக் கூறிவிட்டார்.

ஒரு நாட்சுவர்

கல்கி 1944 முதல் 1946 வரை எழுதிய 'சிவகாமியின் சபத'த்தில், அஜந்தாவின் அழியா வண்ணங்களின் இரகசியத்தை அறிய ஆயனச் சிற்பியார் ஏங்குவதைப் படித்தவர் பலர். வண்ணத்திலேயே மந்திரம் உள்ளது என்ற எண்ணம் அந்நாவலால் தமிழர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. வரலாறு காட்டும் உண்மை இதனினும் எளியது, இதனினும் கடியது.

சென்னை அருங்காட்சியகத்தில் வேதியியலறிஞராக விளங்கிய எஸ். பரமசிவன், 1930களில் தமிழகச் சுவரோவியங்களை ஆராய்ந்தார். அவர் கண்ட வண்ணப்பொருள்கள் பெரும்பாலும் மண்ணில் கிடைப்பனவே. வெண்மைக்குச் சுண்ணம், கருமைக்குக் கரி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவிமண், பசுமைக்குப் பச்சைமண். கீழ்வாலைப் பாறையில் விரல் தோய்த்தவன் கையிலிருந்த செம்மண்ணுக்கும் அரசவை ஓவியன் கையிலிருந்ததற்கும் பெரிய வேற்றுமை இல்லை.

வேற்றுமை முறையில் உள்ளது. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களில் பசையேதும் கலக்கப்படவில்லை என்று பரமசிவன் காட்டினார். ஈரச் சாந்தின்மேல், நீரில் குழைத்த வண்ணம் தீட்டப்பட்டது. காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்றுச் சுண்ணம் மெல்ல மீண்டும் கல்லாகும்போது, வண்ணத்துகள்களைத் தன்னுள் பூட்டிக்கொள்கின்றது. சாந்து உலருமுன் வேலை முடிந்தாக வேண்டும். உலர்ந்தபின் இட்ட வண்ணம் ஒட்டாது. ஈரத்தில் இட்ட பிழையை அழிக்கவும் இயலாது. ஆகவே அன்று எவ்வளவு தீட்ட இயலுமோ அவ்வளவு இடத்துக்கே சாந்து பூசவேண்டும். ஒரு நாட்சுவர், ஒரு நாள்வேலை.

ஓவியனின் நாட்கடமையை வகுத்தவர் அரசரல்லர், ஆசிரியரல்லர், சுண்ணமே. மனம் எழும்போது தீட்டுவோம் என்றிருக்க அச்சுவர் இடந்தராது. முன்னைநாள் முடிந்த விளிம்பிலிருந்து இன்றைய கோடு தொடங்கும். ஆண்டுக்கணக்கில் இவ்வாறு தொடர்ந்த நாள்களின் கூட்டுத்தொகையே பெரிய கோயிலின் திருச்சுற்று.

பனைமலையும் தாமரைக்குளமும்

மண்டகப்பட்டுக்கு அண்மையிலுள்ள பனைமலையில், ஏரியை நோக்கிய குன்றின் உச்சியில் தாளகிரீசுவரர் கோயில் உள்ளது. மகேந்திரனுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஆண்ட இராசசிம்ம பல்லவன் எடுப்பித்தது. அங்குள்ள சிறுகோயில் ஒன்றின் சுவரில் உமையம்மை நிற்கின்றாள். முடியணிந்த தலை சற்றே சாய்ந்துள்ளது, ஒருகால் மடங்கியுள்ளது, மேலே குடை கவிந்துள்ளது. அவள் காண்பது இறைவனின் ஆடலை. ஆடும் இறைவனோ பெரும்பாலும் அழிந்து சில கோடுகளாக மட்டுமே எஞ்சியுள்ளான். பார்க்கப்பட்டவன் மறைய, பார்வை மட்டும் நிலைத்த ஓவியம் அது. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் சிற்றறைகளில் மறைந்திருந்த பல்லவ ஓவியங்களை, புதுச்சேரியிலிருந்து ஆய்வு செய்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் 1931இல் வெளிப்படுத்தினார். பனைமலையின் அம்மைக்கு அங்கே உடன்பிறப்புகள் கிடைத்தன.

புதுக்கோட்டைச் சித்தன்னவாசலின் சமணக் குடைவரை நெடுங்காலம் மகேந்திரன் கணக்கிலேயே எழுதப்பட்டு வந்தது. சித்திரகாரப்புலி என்ற பட்டம் அதற்குத் துணைநின்றது. பின்னர், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலமாகிய ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்குடைவரையைப் புதுக்கினான் என்னும் கல்வெட்டுச் செய்தி கருத்தை மாற்றியது. அரசன் ஒருவனின் பட்டத்தை வைத்து எல்லா ஓவியத்தையும் அவனுக்கே உரிமையாக்கும் வழக்கம் அங்கே திருத்தம் பெற்றது.

அக்குடைவரையின் விதானத்தில் தீட்டப்பட்டது ஒரு தாமரைக்குளம். அண்ணாந்து நோக்கினால் வானம் இருக்கவேண்டிய இடத்தில் குளம் விரிகின்றது. மொட்டும் மலரும் இலையும் செறிந்த நீரில் மீன்கள் துள்ளுகின்றன, அன்னங்கள் நீந்துகின்றன, யானையும் எருமையும் இறங்கியுள்ளன, மூவர் பூக்கொய்கின்றனர். சமவசரணத்துக்குரிய பொய்கை என்பது சமயம் கூறும் விளக்கம். ஆயினும் அந்த எருமை எந்தப் புராணத்திலிருந்தும் வந்ததன்று, ஊர்க்குளத்திலிருந்து வந்தது. நாடோறும் கண்டதை நாடோறும் தீட்டிய கையே அதனை அங்கே கொண்டு சேர்த்தது.

வெண்ணெய்நல்லூர் தஞ்சையில்

1931இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி, தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சூழ்ந்த இருண்ட திருச்சுற்றில், நாயக்கர்கால ஓவியப் படலத்துக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதைக் கண்டார். அங்கே பெரும்பரப்பில் விரிவது சுந்தரர் வரலாறு. திருமணத்தன்று கிழவேதியர் ஓலையொன்றைக் காட்டித் தடுத்ததும், அவ்வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவையில் தீர்ந்ததும் யாவரும் அறிந்தவை. அவ்வெண்ணெய்நல்லூர் இன்று விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கியது.

ஓவியர் இக்கதையைத் தீட்டுகையில், கயிலை நோக்கி யானைமீது விரையும் சுந்தரரையும் குதிரைமீது முந்தும் சேரமானையும் வானில் இசைமுழக்கும் தேவரையும் மட்டும் தீட்டி நிறுத்தவில்லை. மணவீட்டில் சமையல் நடப்பதையும் தீட்டினர். ஓலையை உயர்த்திய கிழவரின் மெலிந்த கையையும், அவையோர் முகங்களில் திகைப்பையும் தீட்டினர். நடுநாட்டுச் சிற்றூர் ஒன்றின் அன்றாடம், இராசராசன் எடுத்த கோயிலின் கருவறைக்கு அருகே, வானுலகத்தோடு ஒரே சுவரில் இடம் பெற்றது. அவ்வடுப்படியைத் தீட்டியவர் எவரோ, இதுவும் ஒருநாள் வேலைக்குத் தகுந்ததே என்று கருதியிருக்கின்றார்.

எஞ்சியவை

இவ்வோவியங்கள் அழிந்த வரலாறு பெரும்பாலும் பகைவரால் நேர்ந்ததன்று. விளக்குப்புகை படிந்தது, மழைநீர் கசிந்தது, வௌவால் குடியேறியது, திருப்பணி என்ற பெயரில் மேலே வெள்ளையடிக்கப்பட்டது. சித்தன்னவாசலிலும் பனைமலையிலும் வந்தவர் கையும் தன் பங்கைச் செய்தது. ஓவியத்தைத் தாங்கிய சுண்ணமே, வெள்ளையடிப்பாக மாறி அதனை மூடவும் செய்தது. அன்பினால் செய்த புதுப்பித்தலே அழித்தலாயிற்று என்பது இவ்வரலாற்றின் துயரம். இத்தவறு கோயிற் சுவரோடு நின்றுவிட்டதா என்பது, பழம்பாடலைப் புதுக்கவும் பதிப்பிக்கவும் முனையும் புலவர் அவையும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

மண்டகப்பட்டின் வேந்தன் அழியாமையை நாடினான், கல்லைத் தேர்ந்தான், வென்றான். பெயரறியாத் துகிலிகையாளர் அழியும் பொருளையே தேர்ந்தனர். தாம் பூசிய சாந்து அன்றே உலரும் என்பதை அறிந்தே காலையில் அதனைக் குழைத்தனர். அவர்தம் மரபு முற்றும் அற்றுவிடவில்லை. செஞ்சிச் சாலையோரத்துச் சிற்றூர்களில் விடியலில் வாயில் தெளித்து இடப்படும் கோலம் உச்சிவேளைக்குள் காலடியில் கரைந்துவிடும். மறுநாள் அதே இடத்தில் புதிய கோலம் மலரும். குடைவரையின் கல்வெட்டு விலக்கிவைத்த சுண்ணப்பொடியும் அரிசிமாவும் அக்குன்றைச் சூழ்ந்த ஊர்களில் நாளும் பூவாகிக்கொண்டிருக்கின்றன.