விலங்குகளும் மனிதச் சைகையும்: சிங்கப்பூர்

கை, கண், முகம், உடலசைவு ஆகியவற்றால் மனிதர் தரும் குறிப்பை விலங்குகள் உணர்ந்து நடந்துகொள்வது பற்றிய ஆய்வு ஒரு குதிரையிலிருந்து தொடங்குகிறது. கணக்குப் போடும் குதிரை என்று பெர்லினில் பெயரெடுத்த ஹான்ஸை ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் சோதித்து, அதற்கு எண்ணத் தெரியாது என்று 1907இல் காட்டினார். குளம்பைத் தட்டி விடை சொல்லும் குதிரை சரியான எண்ணை எட்டியதும் கேள்வி கேட்டவரின் தலை அவரறியாமலே லேசாக அசையும். அதைக் கண்டு குதிரை தட்டுவதை நிறுத்திவிடும். குதிரையின் குட்டு வெளிப்பட்டதாகச் சொன்னார்கள். அதன் கண்கூர்மையைப் பாராட்டியிருக்கலாம்.

சிங்கப்பூரில் இந்தப் பேச்சு எழுந்தால் ஆ மெங் நினைவுக்கு வரும். வீடொன்றில் சட்டவிரோதமாக வளர்க்கப்பட்ட இந்தச் சுமத்ரா உராங்குட்டான் 1971இல் மீட்கப்பட்டு, 1973இல் திறக்கப்பட்ட மண்டாய் விலங்கியல் தோட்டத்தின் செல்லமானது. அதைப் பல ஆண்டுகள் பராமரித்தவர் அழகப்பசாமி செல்லையா என்ற தமிழர். முன்பின் தெரியாத பயணிகளோடு காலை உணவு மேசையில் உட்காரவும், அவர்கள் அருகே நின்று படமெடுக்க இடம்கொடுக்கவும் ஆ மெங் பழகியிருந்தது. ஆனால் சொன்னபடி ஆடும் பொம்மையல்ல அது. 1982இல் படப்பிடிப்புக்குக் கூட்டிச் சென்றபோது மரத்தில் ஏறிக்கொண்டு, எவ்வளவு அழைத்தும் இறங்காமல் மூன்று நாள் இருந்து, கடைசியில் விழுந்து கையை முறித்துக்கொண்டது. 2008 பிப்ரவரி 8இல் அது இறந்தபோது அஞ்சலி செலுத்த ஏறத்தாழ 4,000 பேர் கூடினர்.

உராங்குட்டான்கள் தம் பங்குக்கு மனிதருக்குச் சைகை காட்டுவதை எரிக்கா கார்ட்மில்லும் ரிச்சர்ட் பைர்னும் 2007இல் ஆராய்ந்தனர். கேட்ட தீனியில் பாதி கிடைத்தால் அவை அதே சைகையைத் திரும்பக் காட்டின; வேறு தீனி வந்தால் சைகையையே மாற்றின. எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு புரிந்தது என்பதையும் அவை கணிக்கின்றன என்பதே இதன் பொருள்.

சிங்கப்பூரின் ஆங் மோ கியோ வட்டாரத்துக்கு மேற்கே, லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கக் காட்டையொட்டிய பழைய அப்பர் தாம்சன் சாலையில் நெடுவால் குரங்குகளுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. காரிலிருந்து தீனி எறிந்தவர்களால் மனிதரின் குறிப்புகளை அவையே கற்றுக்கொண்டன. பிளாஸ்டிக் பை கண்ணில் பட்டால் தீனி. கண்ணுக்குக் கண் முறைத்தால் சண்டைக்கு அழைப்பு. சிரித்துக்கொண்டே பல்லைக் காட்டுவதும் அவற்றுக்கு நட்பாகத் தெரியாது. அதனால் பையை மறைத்து, நேருக்கு நேர் பார்க்காமல் மெல்லப் பின்வாங்கும்படி தேசியப் பூங்காக் கழகம் சொல்கிறது. 2020 ஜூனில் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டப்படி, அவற்றுக்குத் தீனி போடுபவருக்கு முதன்முறை 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம்.